கண்ணகிக்குத் திறந்த கதவு

தாமிரபரணி கடலைத் தொடும் இடத்துக்கு அருகே கொற்கை என்ற சிற்றூர் இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். கடல் விலகிப் போய்விட்டதால் இன்று வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. சிலப்பதிகாரத்தில் இந்த ஊரின் பெயர், தவறிய தீர்ப்பு ஒன்றைச் சுற்றி இரண்டு சந்தர்ப்பங்களில் வருகிறது. முதல் இடம் எல்லோருக்கும் தெரிந்த காட்சிக்குள் இருக்கிறது. ஒற்றைச் சிலம்போடு வாசலில் நிற்கும் பெண்ணைப் பற்றிச் சொல்ல உள்ளே போகும் வாயிலோன், மதுரையில் வீற்றிருக்கும் பாண்டியன் நெடுஞ்செழியனைக் கொற்கை வேந்தன் என்றே வாழ்த்துகிறான். இரண்டாவது இடத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. தன் தவறை உணர்ந்து நெடுஞ்செழியன் மாண்டபின் நாட்டில் மழை பொய்த்தது, வறுமையும் நோயும் பரவின. கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சினம் தணிய வேண்டி ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்று நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை சொல்கிறது. பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன்; செத்தவர்கள் ஆயிரம் பேர். ஒரு தீர்ப்புத் தவறியதற்கு ஒரே அரசமரபு கொடுத்த இரண்டு பதில்கள் இவை. நீதிபதிகளின் ஒழுங்கீனத்தை என்ன செய்வது என்று நாடு திணறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், நாம் முதல் பதிலை அரைகுறையாகப் புரிந்துகொண்டு இரண்டாவது பதிலில் போய் விழுந்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் பதிலை நாம் படித்துவந்த விதம் இது: தவறு செய்த அரசன், தவறு தெரிந்த கணமே உயிரை விட்டான், அப்பேர்ப்பட்ட மனசாட்சி. மனுநீதிச் சோழன் மகனைத் தேர்க்காலில் இட்டதும், பொற்கைப் பாண்டியன் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டதும் இதே வரிசையில் சேர்கின்றன. தீர்ப்பளிக்கும் இடத்தில் இருப்பவன் தனக்கும் தானே தீர்ப்பளித்துக்கொள்வான், அவனுக்கு மேலே இன்னொருவர் வேண்டியதில்லை என்பதே தமிழ் மரபின் அறம் என்று பள்ளிக்கூடப் பாடங்கள் நம் மனத்தில் பதித்துவிட்டன. வழக்குரை காதையைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் கதை அப்படி நடக்கவில்லை. கண்ணகி குற்றம் சாட்டியதும் அரசன் தலை குனியவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது, அது அரசனின் கடமைதான் என்று வாதாடுகிறான். தன் தீர்ப்புக்குத் தானே வக்கீலாக நிற்கிறான். அவனை மாற்றியவை அதற்கு முன்னும் பின்னும் நடந்த சில காரியங்கள். முன்பின் அறியாத ஒரு பெண்ணின் புகாரை வாயிலோன் அப்படியே உள்ளே கொண்டுபோய்ச் சொன்னான். அவளை உள்ளே விடச் சொன்னார்கள். தன் சிலம்பின் பரல் எது என்று அவள் சொன்னாள். அரசியின் சிலம்பின் பரல் எது என்று அரசன் சொன்னான். பறிமுதல் செய்த சிலம்பை அரசனே வரவழைத்துச் சபை நடுவில் வைத்தான். அவள் உடைத்தாள்; மாணிக்கம் தெறித்தது. மனசாட்சி அதற்குப் பிறகுதான் வந்தது. சான்றுப் பொருள் எல்லோர் கண்ணெதிரிலும் உடைபடாமல் இருந்திருந்தால் நெடுஞ்செழியன் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணிக் கதையும் அதே மாதிரிதான்: மாடு ஆட்டக்கூடிய உயரத்தில், வாசலில், மணி தொங்கியது.

இந்திய உயர் நீதித்துறை இந்தக் கதைகளிலிருந்து மனசாட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு கதவையும் மணியையும் வெளியே விட்டுவிட்டது என்று சொல்வது மிகையாகாது. அரசியலமைப்பின் 124(4), 217, 218 ஆகிய பிரிவுகளின்படி உச்ச, உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்க ஒரே வழி நாடாளுமன்றத்தின் பதவி நீக்கத் தீர்மானம். மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட வேண்டும். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி மூவர் குழு விசாரிக்க வேண்டும். குற்றம் மெய்ப்பட்டாலும் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1950 முதல் 2025 வரை இந்த வழியில் ஒரு நீதிபதிகூட நீக்கப்படவில்லை. நெருங்கி வந்து நின்றுபோனவற்றில் தமிழ்நாட்டின் பங்கு கொஞ்சம் அதிகம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து, பஞ்சாப்–ஹரியாணா தலைமை நீதிபதியாகி, உச்ச நீதிமன்றம் போன வி. ராமசாமி மீது, சண்டீகரில் அதிகாரபூர்வ இல்லத்துக்கு அரசுப் பணத்தில் வாங்கிய சாமான்கள் உட்பட 14 குற்றச்சாட்டுகள் வந்தன. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான குழு அவற்றில் 11 மெய்ப்பட்டன என்றது. 1993 மே மாதம் மக்களவையில் வாக்கெடுப்பு: ஆதரவாக 196 பேர், எதிர்த்து ஒருவரும் இல்லை, வாக்களிக்காமல் இருந்தவர்கள் 205 பேர். தீர்மானம் தோற்றது. குற்றமற்றவர் என்று ஒருவரும் சொல்லாமலே அவர் பதவியில் நீடித்து மறு ஆண்டு ஓய்வு பெற்றார். கர்நாடகத் தலைமை நீதிபதியாயிருந்த பி.டி. தினகரன் மீது 2009இல் மாநிலங்களவையில் தீர்மானம் வந்தது. விசாரணைக் குழு நடந்துகொண்டிருக்கும்போதே 2011 ஜூலையில் அவர் ராஜினாமா செய்தார், குழுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னை நீக்க மாநிலங்களவை 189க்கு 17 என்று வாக்களித்தது. மக்களவைக்குப் போவதற்குள் அவரும் ராஜினாமா. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நாடாளுமன்றம் தெய்வத்தின் நிதானத்தை எடுத்துக்கொண்டது. தெய்வத்தின் நிச்சயம் அதனிடம் இல்லை.

பதவி நீக்கம் கைக்கெட்டாது என்று தெரிந்ததும் நீதித்துறை தனக்குள்ளேயே ஒரு வழி கண்டது. 1995இல் பம்பாய்த் தலைமை நீதிபதி பட்டாச்சார்ஜி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விதை போட்டது. 1997இல் நீதித்துறை வாழ்வின் விழுமியங்கள் என்று ஓர் அறிக்கையை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். 1999 டிசம்பரில் உள்விசாரணை முறை நடைமுறைக்கு வந்தது. தலைமை நீதிபதி புகாரைப் பார்ப்பார். கனமானது என்று பட்டால் மூன்று நீதிபதிகளை விசாரிக்கச் சொல்வார். குற்றம் பெரிதென்றால் சம்பந்தப்பட்டவரைப் பதவி விலகச் சொல்வார். மறுத்தால் வேலை தராமல் நிறுத்திவிட்டுக் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் எழுதுவார். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. வெளியாள் நுழையாமல், மானம் போகாமல், உள்ளுக்குள்ளேயே திருத்திக்கொள்ளலாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் புகார் கொடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, அறிக்கையை வெளியிட வேண்டியதில்லை. 2003இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே, இந்த அறிக்கை தலைமை நீதிபதியின் பார்வைக்கானது, பொதுமக்கள் கேட்டுப்பெற உரிமையில்லை என்று சொல்லிவிட்டது. அரசன் அந்தப்புரத்தில் சிலம்பை உடைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பார்த்தாயிற்று என்று மட்டும் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2025 மார்ச் 14 இரவு தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் அரசு இல்லத்தில் ஓர் அறை தீப்பிடித்து, எரிந்த நோட்டுக்கட்டுகள் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது இந்த முறையின் பலமும் பலவீனமும் சேர்ந்தே வெளிப்பட்டன. பணம் தன்னுடையது அல்ல என்று அவர் மறுத்தார். அன்றைய தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா வழக்கத்தை மீறி, படங்களையும் வீடியோவையும் நீதிமன்றத்தின் வலைத்தளத்திலேயே வெளியிட்டார். அது நல்ல காரியம். ஆனால் விதிப்படி நடந்ததல்ல, ஒருவர் எடுத்த முடிவால் நடந்தது. இன்னொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம். மூவர் குழுவின் முழு அறிக்கை குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் போனது. நீதிபதி அலகாபாத்துக்கு மாற்றப்பட்டார். ஓர் ஊரில் வழக்கு விசாரிக்கத் தகுதியில்லை என்றால் இன்னோர் ஊரில் தகுதி எங்கிருந்து வரும் என்று அலகாபாத் வக்கீல்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்விசாரணை முறை செல்லும் என்றது. அடுத்த வாரம் மக்களவைத் தலைவர் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் புதிதாக ஒரு குழு அமைத்தார். அன்றைய சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அதில் ஓர் உறுப்பினராக இருந்தார். ஆக, ஒரு விசாரணை முடிந்த இடத்தில் இன்னொரு விசாரணை முதல் படியிலிருந்து தொடங்கியது.

இங்கே பாளையங்கோட்டையிலிருந்து பார்த்தால் ஒரு முரண் பளிச்சென்று தெரிகிறது. திருநெல்வேலி மாவட்ட நீதிமன்ற வளாகம் இங்கேதான் இருக்கிறது. அந்த வளாகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு முன்சீப்போ மாஜிஸ்திரேட்டோ தவறு செய்தால், அரசியலமைப்பின் 235ஆவது பிரிவு அவரை உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. புகார் போகும், விஜிலன்ஸ் பார்க்கும், குற்றத்தின் அளவுக்கேற்ப எச்சரிக்கை, சம்பள உயர்வு நிறுத்தம், தற்காலிகப் பணிநீக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் என்று படிப்படியான தண்டனைகள் உண்டு. அந்த முறை குறையற்றது என்று சொல்லமாட்டேன். மேலிடத்துக்குப் பிடிக்காதவர் மேல் மொட்டைக் கடிதம் போடுவது எல்லாத் துறைகளிலும் உள்ள வியாதிதான். ஆனாலும் படிகள் இருக்கின்றன. அங்கே தீர்ப்பான வழக்கின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் 2004இல் தொடங்கிய மதுரைக் கிளைக்குப் போய்விட்டால், அங்கே இருப்பவருக்கு இரண்டே நிலைதான்: ஒன்றும் இல்லை, அல்லது நாடாளுமன்றம் கூடி நீக்க வேண்டும். நடுவில் எதுவும் கிடையாது. சட்டப்படி கண்டிக்கவோ எச்சரிக்கவோ அபராதம் போடவோ இடமில்லை. தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு மாதக்கணக்கில் எழுதாமல் இருப்பவரையும், வக்கீலை அவமானப்படுத்துபவரையும், லஞ்சம் வாங்குபவரையும் அளக்க ஒரே கோல். அந்தக் கோலும் யாரும் தூக்க முடியாத எடை.

படிப்படியான தண்டனை மேல்நாட்டுச் சரக்கு என்று யாரேனும் நினைத்தால், பாளையங்கோட்டையிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர் அம்பலவாணர் கோயிலில் மாறஞ்சடையன் என்ற பாண்டிய அரசனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ கி.பி. 800. ஊர்ச் சபையில் யார் உறுப்பினராகலாம், அதற்கு என்ன படித்திருக்க வேண்டும், எப்படிப்பட்ட நடத்தை வேண்டும் என்று வரையறுத்துவிட்டு, சபையில் எதைச் சொன்னாலும் அன்று, அன்று என்று மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கிறது. அவர்களுக்குத் துணைபோகிறவர்களுக்கும் அதே. நூறாண்டு கழித்து, 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் மறுபடி குடவோலைத் தேர்வில் பெயர் சேர்க்கவிடாமல் தடுக்கின்றன. பதவியில் இருக்கும்போதே குற்றம் கண்டால் அப்போதே விலக்குகின்றன. அந்தச் சபைகள் நிலமுள்ள பிராமணர்களின் சபைகள். இன்றைய நீதிக்கு அவற்றை முன்மாதிரியாக வைக்க ஒருவருக்கும் ஆசை வராது. ஆனால் நிர்வாக அறிவு அவர்களுக்கு இருந்தது. சபையில் இருப்பவனும் தவறுவான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறுக்கு ஒரு விலை குறித்து, அதை ஊரார் எல்லோரும் படிக்கும்படி கோயில் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

நீதிபதிகளுக்கும் இப்படித் தண்டனை குறிப்பதற்கு எதிராக வரும் வாதங்களில் ஆழமானது சமயத்திலிருந்து வருகிறது. மனிதர் மனிதரைத் தீர்ப்பிடுவதே பெரும் பொறுப்பு. தீர்ப்பிடுகிறவரையும் தீர்ப்பிடத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும்? அவருக்கு மேல் ஒருவர், அந்த ஒருவருக்கு மேல் இன்னொருவர் என்று ஏணி முடிவில்லாமல் நீளும். கடைசிப் படியில் கடவுள்தான் நிற்க வேண்டும். ஆகவே கடவுளிடமே விட்டுவிடுவோம் என்பது அந்த வாதம். காழிகள் மூவகை, அவர்களில் இருவகையினர் நரகத்துக்குரியோர் என்ற நபிமொழியின் அச்சமும், மலைப்பொழிவில் பிறரைத் தீர்ப்பிடுவது பற்றி வரும் எச்சரிக்கையும் இந்த வாதத்துக்குத் துணை நிற்பதாகப் படும். நபிமொழி நீதிபதிக்குச் சொன்னது. நீதிபதியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கைகட்டி நிற்க வேண்டும் என்று அதில் இல்லை. சமய இலக்கியங்களே இதற்கு நேர்மாறாகப் போகிற இடங்கள் உண்டு. தடுத்தாட்கொண்ட புராணத்தில் சிவபெருமான் கிழ வேதியராக வந்து, சுந்தரர் தன் அடிமை என்று வழக்காடுகிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அங்கே கிழவரின் தேஜஸைப் பார்த்து ஒருவரும் மயங்கவில்லை. வழக்கம் உண்டா, ஆவணம் உண்டா, கண்ட சாட்சி உண்டா என்று கேட்கிறார்கள். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை இதோ என்று கிழவர் எடுத்துக்காட்டுகிறார். பாட்டனாரின் கையெழுத்தை வேறொரு சுவடியோடு ஒத்துப்பார்த்த பிறகே தீர்ப்பு வருகிறது. எல்லாம் அறிந்த இறைவனே, தன் பக்கம் நியாயம் இருந்தும், நான் சொல்கிறேன் நம்புங்கள் என்று சொல்லவில்லை. இதைப் பாடிய சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராயிருந்தவர். கிழிக்க முடிந்த படியையும் கிழிக்க முடியாத மூலத்தையும் பிரித்துக் காட்டும் நுட்பத்தில் அலுவலகம் நடத்திய கை தெரிகிறது.

ஏணி எங்கே முடியும் என்ற கேள்விக்கு இந்தக் கதைகளில் இருக்கும் விடை, அது மேலே போய் முடிவதில்லை, பக்கவாட்டில் திரும்புகிறது என்பதுதான். விவிலியத்தின் சூசன்னா கதையைப் பாருங்கள். (தூய சவேரியார் பேராலயத்துக்குப் போகும் கத்தோலிக்கரின் விவிலியத்தில் அது தானியேல் 13ஆம் அதிகாரம், முருகன்குறிச்சி ஊசிக்கோபுரத்துக்குப் போகும் சீர்திருத்தச் சபையினரின் விவிலியத்தில் அந்த அதிகாரம் கிடையாது. ஒரே ஊரில் கிடைக்கும் இந்த வேறுபாடு பாளையங்கோட்டைக்கே உரிய வசதி.) அந்த ஆண்டு நீதிபதிகளாக அமர்த்தப்பட்ட இரண்டு முதியவர்கள், தங்களுக்கு இணங்காத பெண்மீது பொய்க் குற்றம் சுமத்துகிறார்கள். மக்கள் நம்பிவிடுகிறார்கள், காரணம் அவர்கள் முதியவர்கள், நீதிபதிகள். அவளைக் கொல்லக் கொண்டுபோகும்போது தானியேல் என்ற இளைஞன் தடுத்து, இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறான். இருவரும் வெவ்வேறு மரம் சொல்கிறார்கள். தானியேலுக்குப் பதவியில்லை, வயதில்லை. அவன் கேட்ட கேள்விதான் அவன் அதிகாரம். நீதிபதிக்கு மேல் பெரிய நீதிபதி வேண்டும் என்று அந்தக் கதை சொல்லவில்லை. பதவியின் மரியாதையைக் கொஞ்ச நேரம் ஓரம் வைத்துவிட்டுச் சான்றைக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்று சொல்கிறது.

அடுத்த மறுப்பு உலகியல் சார்ந்தது. இதைத் தள்ளிவிட முடியாது. நீதிபதியைத் தண்டிக்கும் வழியை எளிதாக்கினால், முதலில் தண்டிக்கப்படுபவர் ஆட்சியாளருக்குப் பிடிக்காத தீர்ப்பெழுதியவராகத்தான் இருப்பார். இதற்கு இந்தக் கரையிலேயே ஒரு சான்று உண்டு. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ. சிதம்பரனாருக்கு நாற்பதாண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார். அநியாயமான தண்டனை என்பதில் ஐயமில்லை. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. தவறான தீர்ப்புக்காக நீதிபதியைத் தண்டிக்கும் சட்டம் அன்று இருந்திருந்தால் அது பின்ஹேயைத் தொட்டிருக்காது. தண்டனையைக் குறைத்தவர்களைத்தான் அன்றைய அரசு பதம் பார்த்திருக்கும். ஆகவே தீர்ப்பு வேறு, நடத்தை வேறு. தீர்ப்புக்கு மருந்து மேல்முறையீடு. அதை ஒழுங்கு நடவடிக்கையோடு கலப்பவர் எந்தக் கட்சியானாலும் நாளைக்குத் தன் பக்கத்து நீதிபதியையே காவு கொடுக்கிறார். 2025 டிசம்பரில் திருப்பரங்குன்றம் தீபம் தொடர்பான உத்தரவுக்குப் பின், மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதனை நீக்கக் கோரி நூற்றுக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் கையெழுத்திட்ட நோட்டீஸ் மக்களவைத் தலைவரிடம் போனது. உத்தரவு பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணமென்றால் அது தவறான வழி. உத்தரவு அல்ல, பாரபட்சமான நடத்தையே எங்கள் புகார் என்றார்கள் கையெழுத்திட்டவர்கள். அப்படியானால் அந்தப் புகாரைக் கட்சிக் கொடிகள் இல்லாத ஓரிடத்தில், அவரும் பதில் சொல்லும்படி, சான்றோடு பரிசோதித்திருக்க வேண்டும். அப்படி ஓரிடம் இல்லாததால் புகாரும் தேர்தல் மேடைக்குப் போயிற்று, அவரைக் காப்பவர்களின் வாதமும் அங்கேயே போயிற்று. எது உண்மை என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை இரு தரப்பும் சேர்ந்து நமக்கு இல்லாமல் செய்துவிட்டன.

நாடாளுமன்றத்திடம் முழுக் கடிவாளத்தையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் தாண்டிய உதாரணம் போதும். இலங்கையின் தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்க, திவிநெகும மசோதா பற்றி அரசுக்கு உவப்பில்லாத தீர்மானம் சொன்னபின், அரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட தெரிவுக்குழு அவரை விசாரித்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளியேறினார்கள். விசாரணை முறையே சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிமன்றங்கள் சொன்னதையும் மீறி 2013 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். ஆட்சி மாறியதும் 2015 ஜனவரியில் அந்த நீக்கமே செல்லாது என்று திரும்ப அழைக்கப்பட்டு, மறுநாள் ஓய்வு பெற்றார். நீதிபதிகளே நீதிபதிகளை விசாரித்தால் கதவு சாத்திக்கொள்கிறது. அரசியல்வாதிகள் விசாரித்தால் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

மூன்றாவது மறுப்பு சங்கடமானது. தண்டிக்கும் கை எப்போதும் எளியவன் மேல்தான் முதலில் விழும் என்பது அது. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட நீதிபதி சி.எஸ். கர்ணன், தலித் என்பதால் தன்னைச் சக நீதிபதிகள் இழிவுபடுத்துவதாக 2011 முதலே புகார் செய்துவந்தவர். 2017 ஜனவரியில் இருபது நீதிபதிகள் ஊழல் செய்ததாகப் பிரதமருக்கு எழுதினார். ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அவமதிப்பு என்று மே 9 அன்று ஆறு மாதச் சிறை விதித்தது; அவர் பேச்சை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. ஓய்வு பெற்ற சில நாளில் கோவையில் கைதானார். அவருடைய நடத்தை, அவர் பிறப்பித்த விசித்திரமான உத்தரவுகள் ஆகியவற்றுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் பணியிலிருந்த உயர் நீதிமன்ற நீதிபதிக்குச் சிறை கொடுக்க நீதித்துறைக்கு ஒரு வழி கிடைத்தது, ராமசாமிக்கோ சென்னுக்கோ அந்த வழி தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இதிலிருந்து சிலர், ஒழுங்கு நடவடிக்கையே வேண்டாம், அது சாதிக்கும் பகைக்கும் கருவியாகும் என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்கு எதிர்மாறாகப் படுகிறது. கர்ணனின் சாதிப் புகாரை 2011இலேயே வாங்கி, விசாரித்து, உண்டு அல்லது இல்லை என்று ஊரறியச் சொல்லும் ஓர் அமைப்பு இருந்திருந்தால், அந்த ஆறு ஆண்டுகள் அப்படிப் போயிருக்காது. முறை இல்லாத இடத்தில்தான் கைக்குக் கிடைத்த ஆயுதத்தை எடுக்கிறார்கள். அவமதிப்புச் சட்டம் அன்று கைக்குக் கிடைத்தது.

கொற்கைச் செழியனின் ஆயிரம் பொற்கொல்லர் இங்கே திரும்ப வருகிறார்கள். குற்றவாளி யார், அவன் என்ன செய்தான் என்று தனியே எடுத்து நிறுத்திக் காட்டாவிட்டால், பழி அந்த ஒருவனோடு நிற்காது. அவன் கூட்டத்தின் மேல் முழுதாக இறங்கும். மூடிய அறிக்கைகள் நீதித்துறையின் மானத்தைக் காப்பதாக நீதிபதிகள் நம்புகிறார்கள். வெளியே நடப்பது வேறு. கோர்ட் வாசல் டீக்கடையில், வாய்தாவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர், அங்கெல்லாம் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வாக்கியத்தில் ஆயிரம் நேர்மையான நீதிபதிகள் பலியாகிறார்கள். இரவு பன்னிரண்டு மணி வரை தீர்ப்பு எழுதுகிறவர், சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் ஒதுங்கி வாழ்கிறவர், உள்விசாரணையில் குற்றமற்றவர் என்று கண்டறியப்பட்டும் அதைச் சொல்ல ஒரு தாள் இல்லாதவர், எல்லோரும் அந்தப் பட்டியலில் அடக்கம். இரகசியம் குற்றவாளிக்குத் திரை, நிரபராதிக்கும் அதே திரை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இருவரும் ஒரே நிழல்.

என்ன செய்யலாம் என்பது புதிராக ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் நீதிபதிகளின் நடத்தை பற்றிய புகார்களை விசாரிக்கத் தனி அலுவலகம் இருக்கிறது. எச்சரிக்கையோ கண்டனமோ விதித்தால் அதைப் பெயரோடு வெளியிடுகிறார்கள். அங்கே நீதித்துறை இடிந்து விழவில்லை. நம் நாட்டிலும் 2010இல் நீதித்துறைத் தரம், பொறுப்புடைமை மசோதா வந்தது. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி தலைமையில் மேற்பார்வைக் குழு, எச்சரிக்கை, அறிவுரை போன்ற சிறு தண்டனைகள், சொத்துக் கணக்கு என்று பல நல்ல அம்சங்கள் அதில் இருந்தன. குழுவில் அரசின் தலைமை வழக்கறிஞரை உட்காரவைத்தது ஒரு கோளாறு. அற்பப் புகார் என்று பட்டால் புகார்தாரருக்குச் சிறை என்றது இன்னொன்று. அந்த விதி மதுரையில் இருந்திருந்தால் வாயிலோன் கண்ணகியிடம் முதலில் ஜாமீன் கேட்டிருப்பான். 2012இல் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் கிடந்து 2014இல் காலாவதியாயிற்று. அடுத்த ஆண்டே நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தச் சண்டையில் நியமனத்தைப் பற்றிய பேச்சு ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சை விழுங்கிவிட்டது. வள்ளுவர் தெரிந்துதெளிதலில் ஆராயாமல் நம்புவதையும் நம்பியபின் ஐயுறுவதையும் சேர்த்தே கண்டிக்கிறார் என்று இத்தகைய சட்டத்தை மறுப்பவர்கள் நினைவூட்டுவார்கள். சரி, ஐயுறுவது வேறு, புகாரைக் கேட்பது வேறு. கேட்க இடமில்லாத வீட்டில்தான் ஐயம் பெருகும்.

புதிய சட்டம் வந்தால் அதில் இருந்தாக வேண்டியவை என நான் கருதுவன சில. பணியிலிருக்கும் நீதிபதிகளும் ஆளும் கட்சியினரும் பெரும்பான்மையாகாத நிலையான குழு. அதில் சட்டத்துறைக்கு வெளியிலிருந்தும் ஆட்கள், தலித்துகளும் பெண்களும் கட்டாயம். தீர்ப்பின் சரி தவறு பற்றிய புகாரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் விதி. எச்சரிக்கை, பகிரங்கக் கண்டனம், குறித்த காலத்துக்கு வழக்கு ஒதுக்காமை என்று மானூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்த அளவுக்காவது படிகள். ராஜினாமா செய்தாலும் தொடங்கிய விசாரணை முடியும்வரை நடக்க வேண்டும். குற்றம் மெய்ப்பட்டால் ஓய்வூதியம் பற்றியும் அந்தக் குழு சொல்லலாம். முதற்கட்ட விசாரணை மூடிய அறையில் நடக்கட்டும், வீண்பழியிலிருந்து காக்க அது தேவை. முடிவு எதுவானாலும் காரணங்களோடு வெளியாக வேண்டும். புகார்தாரருக்கு ஒரு பதில் கடிதம், இத்தனை மாதத்துக்குள். இவற்றில் விசாரணை முறையைப் பற்றியவற்றுக்கு 124(5)ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு ஏற்கெனவே அதிகாரம் தந்திருக்கிறது. சாதாரணச் சட்டம் போதும். நீக்கத்துக்குக் குறைந்த தண்டனைகளுக்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்படலாம், நீதிமன்றம் அதையும் சோதித்துப் பார்க்கும். அதில் தவறில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 2025 மே மாதம் தங்கள் சொத்து விவரங்களை வலைத்தளத்தில் வெளியிட்டார்கள், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே. அதே நீதிமன்றம் நாளைக்கே, எந்தத் திருத்தத்துக்கும் காத்திராமல், உள்விசாரணை முடிந்த புகார்களின் முடிவை வெளியிடவும் புகார் கொடுத்தவருக்கு எழுதவும் தீர்மானிக்கலாம். அதற்கு முழு நீதிமன்றக் கூட்டம் ஒன்று கூடினால் போதும்.